கூட்டமான கடை

"கம்பெனிக்காரங்க பேச்ச நம்பிக் கையெழுத்துப் போட்டுடாதீங்க. கடைக்கு ஆள் வருதான்னு நேர்ல போய்ப் பாருங்க" என்றாள் மேகலா.

அவள் கணவன் ஹரீஷ்குமாருக்கும் சந்தேகம்தான். ஒரு கம்பெனியின் பெயரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை நடத்த ஃப்ரான்சைஸ் எடுப்பதென்றால், ஓசூரில் பார்த்துவந்த ஃபேக்டரி வேலையை விட்டாக வேண்டும்.

கம்பெனிக்காரர் கொஞ்சமும் தயங்கவில்லை. "சனிக்கிழமை எங்க கிருஷ்ணகிரி கடைய போய்ப் பாருங்க சார். நீங்க யாருன்னு சொல்லவே வேணாம்."

அவன் சொல்லவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த தன் லேப்டாப்பையே எடுத்துக்கொண்டு, ரிப்பேருக்கு வந்தவன் போல உள்ளே நுழைந்தான்.

உட்கார இடமில்லை. ஏழு பேர் மடியில் லேப்டாப்போடு காத்திருந்தார்கள்.

"எப்பவும் இப்படித்தான் கூட்டமாங்களா?" என்று, மத்தூரிலிருந்து வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த ஒருவரிடம் மெல்லக் கேட்டான்.

"அதத்தாங்க நானும் பாத்துட்டிருக்கேன்" என்றார் அவர்.

மெக்கானிக் லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பழுது ஒண்ணும் இல்லீங்க. காசு வேணாம்."

கூட்டமும் இருக்கிறது, நேர்மையும் இருக்கிறது. மேகலாவே சரி என்றாள். வேலையை ராஜினாமா செய்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

அடுத்த வாரம், புதிதாகக் கடை எடுத்தவர்களுக்கு ஓசூரில் பயிற்சி. ஹரீஷ்குமார் உள்ளே போனதும் மத்தூர்க்காரர் கையசைத்தார். அவருக்குப் பின்வரிசையில், அன்று காத்திருந்த மற்ற ஆறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்களுமா? அன்னிக்கு உங்க லேப்டாப்புல என்னங்க ரிப்பேரு?"

"அது நல்லாத்தாங்க இருந்துச்சு. கடைக்கு ஆள் வருதான்னு பாக்கத்தான் வந்தேன்" என்றார் அவர். "உங்களையெல்லாம் பாத்தப்புறம்தான் நம்பிக் கையெழுத்துப் போட்டேன்."