பாதுகாவலர் ஷெர்லின்

பதின்மூன்று வயது மகள் ஷெர்லினுக்கு டெபிட் கார்டு வாங்கத்தான் நெல்சன் வங்கிக்குப் போனார். வீட்டாரின் செலவுப் பழக்கத்தை அலசிப் பார்த்த வங்கி, மகளையே அப்பாவுக்குப் பாதுகாவலராக்கி அனுப்பிவிட்டது. அன்றிலிருந்து அவர் டீ குடிப்பதற்கும் அவள் சம்மதம் வேண்டும்.

அவள் பிறந்தநாளுக்கு ரகசியமாகக் கொலுசு எடுத்து, கடையில் கார்டைத் தேய்த்தார். உடனே போன் அடித்தது.

“கொலுசு யாருக்குப்பா?”

நெல்சன் திருதிருவென விழித்தார். “அம்மாவுக்குத்தாம்மா.”

“என் போனுக்கு வந்த பில்லுல சின்ன சைஸ்னு இருக்கே, அம்மாவுக்குப் பத்தாது. பெருசா எடுங்க, ஓகே பண்றேன்.”

வேறு வழியில்லாமல் பெரிய கொலுசோடு வீடு திரும்பினார். மனைவி அதைப் போட்டுக்கொண்டு கூடத்தில் ஜல் ஜல்லென்று நடந்தாள். ஷெர்லின் அப்பாவின் காதருகே வந்தாள்.

“எனக்குத்தான் வாங்கப் போனீங்கன்னு தெரியும்ப்பா. அம்மா காலுதான் ரொம்ப நாளா வெறுமையா கெடந்துச்சு.”