சொல்லும் முறை

"எங்கப்பாவுக்கு என்ன ஆச்சு? யாராச்சும் வாயத் தொறந்து சொல்லுங்களேன்."

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஆம்புலன்ஸ் சீருடையில் இரண்டு பேர் விழித்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்பா நெலம கொஞ்சம் மோசம்தான்..." என்றான் நெட்டை. அதே நேரத்தில் கண்ணாடி போட்டவன், "எல்லாம் முடிஞ்சு போச்சுங்க" என்றான்.

"நிறுத்துங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பயிற்சியாளர் எழுந்து வந்தார். "இதுல எத நம்புவா அந்தப் பொண்ணு?"

வகுப்பு சிரித்தது. மகளாக நடித்தவளும் சிரித்துவிட்டாள். பயிற்சிக்கு வந்தவர்களிலேயே பெரிய வாயாடி அவள்தான். அப்பா வண்டியில் போனபோது லாரி மோதி இறந்துவிட்டார், மகளிடம் சொல்ல வேண்டும் என்பது அன்றைய கதை. மகள் வேஷத்துக்கு அவளே கையைத் தூக்கியிருந்தாள்.

"அப்பா மூஞ்சியே எனக்கு ஞாபகம் இல்ல சார். அதனால ஈசி."

அவளை வளர்த்து ஆளாக்கியது அண்ணன். தினமும் பைக்கில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, பயிற்சியாளருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவான்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே டீம்" என்றார் பயிற்சியாளர். "ஒருத்தர் பேசணும். இன்னொருத்தர் அவங்க பக்கத்துலயே நிக்கணும், விழுந்தா தாங்கிப் பிடிக்க. மொதல்ல கூட்டத்த வெலக்கணும். அப்பறம் உக்காந்து பேசணும். போயிட்டாரு, முடிஞ்சுதுன்னு சுத்தி வளைக்கக் கூடாது. இறந்துட்டாருன்னு சொல்லணும். எவ்வளவு சின்னப் பொண்ணா இருந்தாலும் நீங்க, வாங்கதான்."

அடுத்த தடவை நெட்டை "உன் அப்பா" என்று ஆரம்பித்துத் திட்டு வாங்கினான். அதற்கடுத்த தடவை கண்ணாடி, அவள் பக்கத்தில் நிற்காமல் ஜன்னலோரம் ஒதுங்கிவிட்டான்.

"உங்கள நம்பி எப்படிடா ஒரு வீட்டுக்கு அனுப்பறது?" என்று பயிற்சியாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஆபீஸ் அம்மா கதவைத் திறந்து அவரை வெளியே கூப்பிட்டாள். வகுப்பு நேரத்தில் எல்லோருடைய போனும் அணைந்துதான் கிடக்கும். அவசரம் என்றால் அந்த அம்மாதான் வருவாள்.

அவர் திரும்பி வந்தபோது வாயாடி, நெட்டை திணறியதை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். வகுப்பே குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தது.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்றார் பயிற்சியாளர். "கண்ணாடி, நீ மட்டும் இரு. இவ பக்கத்துலயே நில்லு. இந்தத் தடவ நகரக் கூடாது."

"சார் செஞ்சு காட்டப் போறாரு" என்று கிசுகிசுத்தபடி மற்றவர்கள் வெளியே போனார்கள். வாயாடி துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, முகத்தைச் சோகமாக்கி உட்கார்ந்தாள்.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். 

"நான் ஒரு கெட்ட செய்தி சொல்லணும்மா. வண்டியில போறப்ப லாரி மோதிடுச்சு. நம்ம ஆளுங்கதான் போனாங்க. முடிஞ்சதெல்லாம் செஞ்சு பாத்தாங்க. காப்பாத்த முடியல. உங்க அண்ணன் இறந்துட்டாரு."

அவள் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள். "கேட்டுக்கிட்டியாடா? இப்படித்தான் சொல்லணும். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

கண்ணாடி அவளை இன்னும் நெருங்கி நின்றான். பயிற்சியாளர் எழுந்திருக்கவில்லை.

"ஆனா சார்" என்று சிரித்தாள் அவள். "கதையில அப்பாதானே? நீங்க அண்ணன்னு மாத்திட்டீங்களே."

"நான் எதையும் மாத்தலம்மா."