நாலாவது கப்பல்

"புடிச்சுட்டான் ராஜி! ஆறு கப்பல்ல கரெக்டா நாலாவது கப்பலைப் புடிச்சுட்டான்!"

கடலையே நேரில் பார்த்திராத வெற்றிச்செல்வன், மலையூரான நடுவட்டத்தில் தன் வீட்டுக் கட்டிலில் கம்பளிக்குள் உட்கார்ந்தபடி தலையில் அடித்துக்கொண்டான். கையிலிருந்த செல்போனில் அவனுடைய கடற்படை மூழ்கிக்கொண்டிருந்தது. பெயரில் வெற்றியை வைத்தவர்கள் கையில் வைக்க மறந்துவிட்டார்கள் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

அடுப்படியிலிருந்து மனைவி ராஜகுமாரி எட்டிப் பார்த்தாள். "அப்ப பத்து ஆட்டமும் போச்சுங்களா?"

"போச்சு."

"ஞாயித்துக்கெழமை சேரம்பாடிக்குக் கெளம்பணுமுங்க. பந்தயம்னா பந்தயந்தான்."

பத்து ஆட்டத்தில் ஒன்றிலாவது கணினியை ஜெயித்துவிட்டால், இனி பிறந்த வீட்டுப் பேச்சையே எடுக்கமாட்டேன் என்றிருந்தாள் அவள். பத்திலும் தோற்றால் அவன் மாமியார் சுப்பம்மா வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். இரண்டு வருஷமாக அவன் தட்டிக்கழித்து வந்தது அந்த வாசலைத்தான்.

காரணம் ஒரு பை கேரட். இரண்டு வருஷத்துக்கு முன் பொங்கலுக்குப் போனபோது, இத்தலாரிலிருந்து மலிவாக ஒரு பை வாங்கி, நல்லதை மட்டும் மேலே அடுக்கிக்கொண்டு போனான். சுப்பம்மாவோ தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருஷம் கொழுந்துப் பைகளைச் சோதித்தவர். முற்றல் இலையை அடியில் அமுக்கி எடைக்குக் கொண்டு வருகிறவர்களை, அவர்கள் நடந்து வருவதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

பையை வாங்கியதும் அவர் கை நேராக அடிக்குப் போனது. "மேலயெல்லாம் ஜோரா இருக்கு மாப்பிள்ளை, அடியில அழுகலாச்சே!" என்றார். எஸ்டேட் ஆட்களின் லயன் வீடுகள் மொத்தமும் சிரித்தது. ஃபேக்டரியில் டீத்தூளைத் தரம் பிரிக்கிற சூப்பர்வைசரான தனக்கு இது தேவைதான் என்று பிற்பாடு அவனுக்கே தோன்றியது. ஆனாலும் ரோஷம் விடவில்லை.

அந்த ரோஷத்தோடுதான் இந்தக் கப்பல் ஆட்டத்தில் குதித்தான். ஆட்டத்தைப் போனில் ஏற்றி, எதிரியாகக் கணினியை வைத்துக் கொடுத்தது ராஜகுமாரிதான். அந்த வித்தையெல்லாம் அவனுக்கு வராது.

சண்டையில் சேராத நாட்டின் கப்பல்கள் ஆறு, வெள்ளைக் கொடியோடு எதிரியின் கடலைக் கடக்கும். அதில் ஒன்றில் அவன் பீரங்கியை ஒளித்து அனுப்பலாம். எதிரி தெரியாமல் ஒரு நல்ல கப்பலை நிறுத்திவிட்டால், அந்த நாடும் கோபித்துக்கொண்டு அவன் பக்கம் சேர்ந்துவிடும். அதனால் கணினி பயந்து எல்லாவற்றையும் விட்டுவிடும் என்று வெற்றிச்செல்வன் கணக்குப் போட்டான்.

கணினி பயப்படவில்லை. முதல் கப்பலில் ஒளித்தால் முதல் கப்பல், கடைசியில் ஒளித்தால் கடைசி. பீரங்கி ஏற்றிய கப்பல் மற்றவற்றைவிட ஒரு துளி மெதுவாகப் போகும்தான், ஆனால் அதெல்லாம் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? சில சமயம் கணினி நாலைந்து நிமிஷம் எடுத்துக்கொள்ளும். "என்னமா யோசிக்குது பாரு, அதுக்கு இருக்கற மூளை எனக்கில்லையே!" என்று இவன் மெச்சிக்கொண்டே தோற்பான்.

பத்தாவது தோல்விக்குப் பிறகு, ஆட்டத்தை உருவாக்கிய கம்பெனிக்கு ஒரு புகார்க் கடிதம் தட்டினான். 'உங்கள் கணினி ஏமாற்றுகிறது. ஒளித்து வைத்த கப்பலைப் பார்த்துப் பார்த்து நிறுத்துகிறது.' எழுதிய பிறகு கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோட்டோரக் கடையில் கேரட் வாங்கினான். ஒவ்வொன்றாகத் தடவி, முகர்ந்து, முனையைக் கிள்ளிப் பார்த்து எடுத்தான். "ஏனுங்க, பொண்ணு பாக்கறீங்களா, கேரட்டு பாக்கறீங்களா?" என்றார் கடைக்காரர்.

கூடலூரில் பஸ் மாறும்போது கம்பெனியின் பதில் வந்தது.

'ஐயா, உங்கள் புகார் எங்களுக்குப் புரியவில்லை. வெள்ளைக் கொடிக் கப்பலை எங்கள் கணினி ஒருபோதும் நிறுத்தாது. நிறுத்தும் விதியையே அதற்கு நாங்கள் இன்னும் எழுதவில்லை. உங்களோடு ஆடுவது யாரோ ஓர் ஆள்.'

இரண்டு முறை படித்தான். பிறகு மெதுவாகப் பக்கத்தில் திரும்பினான்.

"ராஜி, நெசத்தைச் சொல்லு. நீதான?"

"நானா? எனக்குக் கப்பலும் தெரியாது, கடலும் தெரியாதுங்க. எங்கம்மா மேல சத்தியமா நானில்லைங்க," என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சேரம்பாடியில் சுப்பம்மா வாசலுக்கே வந்து நின்றார். "வாங்க மாப்பிள்ளை" என்று வாய் சொல்லும்போதே கை பையை வாங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். இன்னொரு முறை சிரித்தார்கள் என்றால் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவது என்று வெற்றிச்செல்வன் தீர்மானித்தான்.

சுப்பம்மாவின் கை நேராக அடிக்குப் போனது. துழாவி ஒரு கேரட்டை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்து முகமெல்லாம் சிரித்தார்.

"இந்தவாட்டி அடியும் சுத்தம் மாப்பிள்ளை. அந்த நாலாவது கப்பல்லதான் அடியில பீரங்கிய வச்சுட்டீங்க!"