ஒளிராத பாக்டீரியா

குடிநீரில் நஞ்சு கலந்தால் அந்த பாக்டீரியா ஒளிரும் என்றது கணித மாடல். அக்காவின் கணினியில் ஓடிய புதிய கணக்கிலோ, நீர் குளிர்ந்ததும் பாக்டீரியாவின் செல்லுக்குள் ஒளிரச் சொல்லும் சமிக்ஞை பாதி வழியிலேயே நின்றது.

“ஒளிரலைன்னா நல்ல தண்ணின்னு நம்பிக் குடிச்சிடுவாங்கடா. இந்த மாடல் தப்பு.”

“நாளைக்கு இதுக்குப் பரிசு குடுக்கறாங்க. இப்பப் போய் ஒருத்தி வயித்துல அடிக்கணுமா?” இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கியபடி கேட்டான் தம்பி.

“அடிச்சுத்தான் ஆகணும்.”

“மூணு வருஷ உழைப்பையா!”

“குடிக்கறவங்களுக்கு அதுவா முக்கியம்?”

சமிக்ஞை நிற்பதைக் காட்டும் வரைபடத்தைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டாள் அக்கா.

தம்பி பெருமூச்சு விட்டான். “அப்போ பரிசு வாங்க நீ எடுத்து வச்ச புடவை? தேய்க்கவா, வேண்டாமா?”

“தேய்டா. மேடையேறி, என் மாடல் தப்புன்னு நானே சொல்லணும்.”