டெக்சாஸுக்குள் இருநூற்றைம்பது

“என் பொண்ணை அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது தம்பி. ஆளை விடு” என்று சொல்லிவிட்டு அர்மாண்டோ ஃபுர்டாடோ மறுபடி கீரை சூப்பில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

டெக்சாஸிலிருந்து பறந்து வந்து, அமெரிக்காவிலேயே சின்ன மாநிலமான ரோட் ஐலண்டின் பிரிஸ்டல் ஊரில், காதலியின் வீட்டு மேசையில் உட்கார்ந்து பெண் கேட்டுக்கொண்டிருந்தான் டால்டன். மோதிரம் சட்டைப்பையில் இருந்தது. அப்பா சரியென்று சொன்னால்தான் விரலை நீட்டுவேன் என்று லிடியா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

“இதெல்லாம் ஒரு தூரமா சார்? எங்க ஊர்ல காலைல வண்டியை எடுத்தா, சாயங்காலமும் டெக்சாஸுக்குள்ளதான் இருப்போம்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். டெக்சாஸ்காரனுக்கு வாய் சும்மா இருக்குமா?

“நிலத்தை மட்டும் கணக்குப் பார்த்தா, எங்க டெக்சாஸுக்குள்ள உங்க ஸ்டேட் இருநூத்தம்பது அடங்கும் சார்.”

லிடியா மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள்.

“நிலத்தை மட்டும் ஏன் பார்க்கறே? எங்க தண்ணியையும் சேர்த்துப் பாரு” என்றார் அர்மாண்டோ. “நூத்தி எழுபத்திநாலுதான் அடங்கும்.”

“அப்பவும் நூத்தி எழுபத்திநாலு அடங்குதே சார்.”

“அலாஸ்காவுக்குள்ள உங்க டெக்சாஸ் ரெண்டு அடங்கும். அங்கேர்ந்து எவனாவது பொண்ணு கேட்டு வந்தா, அவன்கிட்ட போய் அளந்துக்கோ.”

லிடியாவின் அம்மா ஒடெட் ரொட்டிக்கூடையை டால்டன் பக்கம் நகர்த்தினாள். “மனசுல வச்சுக்காதே தம்பி. இவர் தங்கச்சி வூன்சாக்கெட்ல, இதே ஸ்டேட்டோட அந்தக் கோடியில இருக்கா, கார்ல முக்கால் மணி நேரம். அவளைப் பார்த்தே ஆறு வருஷம் ஆச்சு. சாவுக்குன்னாத்தான் கிளம்புவார்.”

அண்ணன் தங்கைக்குள் ஏதோ மனஸ்தாபம் போலிருக்கிறது என்று டால்டன் அதற்கு மேல் கேட்கவில்லை. கடைசியாக வைத்திருந்த துருப்புச் சீட்டை எடுத்தான்.

“சார், உங்க மனசு தெரிஞ்சுதான் வந்திருக்கேன். டெக்சாஸ்ல பார்க்கற வேலையை விட்டுடறேன்னு ஆபீஸ்ல சொல்லியாச்சு. லிடியா டெக்சாஸுக்கு வரவே வேண்டாம்.”

அர்மாண்டோவின் கரண்டி பாதி வழியில் நின்றது. லிடியாவுக்கே இது புதுச் செய்தி. பாவி, இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் இருநூற்றைம்பதைப் பற்றிப் பேச்சே வந்திருக்காது.

“நிஜமாவா தம்பி?” ஒடெட்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நிஜமாத்தான். உங்க ஸ்டேட்லயே வேலை கிடைச்சிருச்சு. வெஸ்டர்லில. வீடுகூடப் பார்த்து வச்சுட்டேன். இங்கேர்ந்து கார்ல அம்பதே நிமிஷம்.”

ஒடெட் மெல்லச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். லிடியா வெளிறிப்போய் அப்பாவைப் பார்த்தாள்.

அர்மாண்டோ எழுந்து வந்து டால்டனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“வேணாம் தம்பி, நீ டெக்சாஸுக்கே கூட்டிட்டுப் போ. அங்க வர்றதுக்குப் பிளேனாவது இருக்கு.”