கன்னத்து மை

காலையில் வேலைக்குக் கிளம்புமுன் என் மகள் நறுமுகைக்குத் தலைவாரி, கன்னத்தில் மை வைத்துவிட்டுத்தான் போவேன். அவள் அழகுக்கு ஊர்க்கண் பட்டுவிடும். ஒன்றரை வயதிலேயே அவளுக்கு எல்லாவற்றிலும் ஓர் அபிப்பிராயம் உண்டு. சிவப்புச் சீப்பு தவிர வேறெதையும் தலையில் வைக்க விடமாட்டாள். செருப்பைத் தானே மாட்டிக்கொள்வாள், கால் மாறினால் அது செருப்பின் பிரச்சினை. இன்று மை டப்பாவையே பிடுங்கிக்கொண்டாள். முகமெல்லாம் அப்பிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். ஒற்றை விரலால் தொட்டு, என் தாடையைப் பிடித்துத் திருப்பி, என் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள். பிறகு, நான் செய்வதைப் போலவே, கொஞ்சம் பின்னால் சாய்ந்து பார்த்தாள். "அம்மா அயகு" என்றாள்.

துடைக்காமலே ஜவுளிக்கடைக்குப் போனேன். அங்கே நான் புடவை மடிப்பவள். வாடிக்கையாளருக்குத் தோளில் போட்டுக் காட்டச் சிவப்பான பெண்களைத்தான் சூப்பர்வைசர் நிறுத்துவார்.

"கன்னத்துல என்னம்மா கரி? துடை" என்றார் அவர்.

"கரி இல்ல சார், திருஷ்டிப் பொட்டு. எம் பொண்ணு வச்சுவிட்டா."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கா?"

"ஆமா சார், எனக்குத்தான்."

மடித்துக்கொண்டிருந்த மாம்பழ மஞ்சள் பட்டுப்புடவையை உதறி என் தோளில் போட்டேன். கண்ணாடி முன் நின்று, கொஞ்சம் பின்னால் சாய்ந்து பார்த்தேன்.