மீட்டருக்கும் குளிரும்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், எனக்கு மிச்சமிருக்கிற நான்கு பற்களும் இன்றே உதிரட்டும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

மின்சார பில் வந்த உறை சாப்பாட்டு மேசையில் கிடந்தது. சுற்றிலும் நாங்கள் மூன்று பேர்: நான், என் மனைவி, அவளுடைய தம்பி.

மூன்று வாயிலிருந்தும் ஆவி மட்டும் வந்துகொண்டிருந்தது.

மைத்துனன் கத்தியை எடுத்து உறையின் ஓரத்தைப் பிரித்தான். கிழிக்கவில்லை, பிரித்தான். உறையைத் திருப்பி ஒட்டினால் மறுபடி உதவுமாம்.

முப்பது வருஷம் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். குளிர் தொடங்கியபோது, நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு பெட்டியோடு வந்தான். போன வருஷத்துப் பில் கண்ணில் பட்டதும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"அத்தான், இது வீடா, இல்ல ரொட்டி சுடுற அடுப்பா? நிர்வாகத்தை என்கிட்ட விடுங்க. பில் பாதியா குறையலைன்னா அடுத்த பஸ்ல ஊருக்குப் போயிடறேன். குறைஞ்சா நான் இங்கயே இருந்துடறேன். இனிமே வீட்டுச் செலவெல்லாம் என் பொறுப்பு."

என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப் பிறந்த பாசம்.

ஆக, அந்த உறைக்குள் இருந்தது பில் இல்லை. என் மிச்ச ஆயுள்.

அந்த இரண்டு மாதம் நான் பட்டது நாய் படாத பாடு.

ஹாலில் இருந்த பெரிய ஹீட்டரைப் பரணில் ஏற்றிவிட்டு, ஏணியை ஒளித்து வைத்தான். வீட்டுக்கு ஒரே பல்பு என்றான். அதைக் கழற்றிக் கழற்றி, போகிற அறையில் மாட்ட வேண்டும். ஒருவருக்கு வயிறு கலக்கினால் மூன்று பேரும் கழிப்பறைக்கு ஊர்வலம்.

ஒரு நாளைக்கு ஒரு கெட்டில் வெந்நீர். முகம் கழுவிய நீரில் பாத்திரம், பாத்திரம் கழுவிய நீரில் தரை. இந்த வரிசையில் தேநீர் எங்கே வருகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குடித்திருக்க முடியாது.

தலைக்கு வைக்கும் எண்ணெயை உளியால் செதுக்கினேன். கரப்பான்பூச்சிகள் குடும்பத்தோடு ஃப்ரிட்ஜுக்குள் குடியேறின. அங்கேதான் வெதுவெதுப்பாம்.

ஒரு நாள் காலையில் எழுந்து பல் தேய்க்கப் போகிறேன், என் நிழல் கூட வரவில்லை. போர்வையை விட்டு வரமாட்டேன் என்று கட்டிலிலேயே படுத்துவிட்டது. மத்தியானம்தான் வந்து சேர்ந்தது. அதுவும் தும்மிக்கொண்டே.

மனைவியிடம் முறையிட்டேன்.

"அவன் வந்தப்புறம்தான் வீடு ஒரு கட்டுக்குள்ள இருக்கு. உங்களுக்கு என் தம்பி மூச்சு விட்டாலும் குத்தம்," என்றாள், மூன்று ஸ்வெட்டருக்குள்ளிருந்து.

என் குறட்டையின் பெருமையால் எங்கள் வீட்டில் ஆளுக்கு ஓர் அறை. உடம்புச் சூடு வீணாகாமல் இருக்க, அவரவர் கதவைச் சாத்தியே வைக்க வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டான். அந்தச் சட்டத்தை மட்டும் ஒருவரும் மீறவில்லை.

இப்போது மைத்துனன் தாளை விரித்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் படித்தான். ஏற்கெனவே வெளுத்திருந்த முகம் இன்னும் வெளுத்தது.

"எவ்வளவுடா?" என்றாள் அக்கா.

"ரெண்டரை மடங்கு, அக்கா."

"அவ்வளவா குறைஞ்சிருக்கு?"

"ஏறியிருக்கு."

அவன் என் பக்கம் திரும்பினான். "மீட்டர்ல ஏதோ கோளாறு, அத்தான்."

"கோளாறெல்லாம் இல்லப்பா. அதுக்கும் குளிரும்ல? உடம்பு சூடாகட்டும்னு கொஞ்சம் வேகமா ஓடியிருக்கு."

ஒரு குண்டூசி கணக்கில் இடித்தாலே அலுவலகத்தைத் தலைகீழாகப் புரட்டுகிறவன், அன்றைக்கு வீட்டை ஒரு சுற்றுகூடச் சுற்றிப் பார்க்கவில்லை. சொன்னால் சொன்னதுதான் என்று பெட்டியைக் கட்டினான். அவளும் "இருடா" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழியில் சாப்பிட ரொட்டி சுற்றிக் கொடுத்தாள்.

நான் பஸ் நிலையம் வரை போய், பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் கையாட்டிவிட்டு வந்தேன்.

வந்ததும் அவன் அறையில் படுக்கையை உதறினேன். கட்டிலுக்கு அடியில் சின்னதாக ஒரு ஹீட்டர். அணைத்துத்தான் இருந்தது. ஆனால் சூடு ஆறவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குளிரிலும் வியர்த்துவிட்டது. பாவி! கூடப் பிறந்தவளை இரண்டு மாதம் நடுங்கவிட்டு, தான் மட்டும் குளிர்காய்ந்திருக்கிறான்.

இனியாவது அவள் கால் சூடாகட்டும் என்று அதைத் தூக்கிக்கொண்டு போய், அவள் கட்டிலுக்கு அடியில் வைக்கக் குனிந்தேன்.

அங்கே ஏற்கெனவே ஒன்று கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது.

ஆக, என் கட்டிலுக்கு அடியில் இருந்ததையும் சேர்த்து, அந்த இரண்டு மாதமும் வீட்டில் ஓடியவை மொத்தம் மூன்று.